விழாப் படத்தைப் பிடித்துக்கொண்டு மாலியின் பாலைவன இசைக்குள் போவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

தெரியாத ஊர் ஒன்றின் இசையைக் கேட்க ஆசை வந்தால், நம்மில் பலரும் யூடியூபில் 'சிறந்த பத்துப் பாடல்கள்' என்று தேடித்தான் தொடங்குகிறோம். பத்தையும் கேட்டு முடித்த மறுநாள் ஒன்றும் நினைவில் இருக்காது. அந்தப் பாட்டை யார், எங்கே, யார் முன்னால் உட்கார்ந்து பாடினார்கள் என்று தெரியாமல் கேட்டால் அப்படித்தான் ஆகும். விழாவைப் படமாக்கிய ஆவணப்படத்தில் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடுகிறது. பாடுகிறவரும் கேட்கிறவரும் ஊரும் மண்ணும் சேர்ந்தே கண்ணில் படுகின்றன.

மீதிப் பாதிக்குத்தான் வேலை செய்ய வேண்டும். விழாப் படம் என்பது வெளியூர்க்காரருக்காக எடுக்கப்படுவது. கேமரா மேடையையே பார்த்துக்கொண்டிருக்கும், அதிலும் பெரிய பெயர்கள் வந்தால் அங்கேயே நின்றுவிடும். உள்ளூர் இசை பல நேரம் மேடைக்குப் பக்கத்தில், மணலில், மைக் இல்லாமல் நடந்துகொண்டிருக்கும். அந்த ஓரத்தைப் பார்க்கக் கண்ணையும் காதையும் பழக்குவதுதான் இங்கே சொல்லப்போகும் முறை.

எடுத்துக்காட்டுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் நடந்த 'பாலைவன விழா'வை எடுத்துக்கொள்கிறேன். இந்த முறைக்கு இதைவிடத் தோதான விழா எனக்குத் தெரிந்து வேறில்லை.

முதல் படி: எந்தப் படம் என்று முடிவு செய்யுங்கள்

இந்த விழா முதலில் 2001 ஜனவரியில் வட மாலியின் தின் எஸ்ஸாகோ என்ற ஊரில் நடந்தது. அடுத்த ஆண்டு தெஸ்ஸாலித். 2003 முதல் டிம்பக்டு நகரத்துக்கு மேற்கே சுமார் 65 கி.மீ. தொலைவில், எஸ்ஸாகான் மணல்மேடுகளில். 2003 விழாவை லியோனெல் ப்ரூவே ஆவணப்படமாக எடுத்தார். லெட் செப்பெலின் குழுவின் பாடகர் ராபர்ட் பிளாண்ட் அந்த ஆண்டு அங்கே வந்து பாடினார் என்பதால் படம் வெளியுலகில் பேசப்பட்டது. தொடங்க அதுவே போதும்.

நான் அதைத் தேர்ந்தெடுக்கப் பிளாண்ட் காரணமில்லை. அதே விழாவின் நேரடிப் பதிவுகள் அந்த ஆண்டே தனி இசைத்தட்டாகவும் வந்தன. படத்தையும் தட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், கண்ணால் பார்த்ததைக் காதால் சரிபார்க்கலாம். வேறு ஊர் விழாவை எடுப்பவர்களும் இதைக் கவனியுங்கள். ஒலிப்பதிவும் தனியாகக் கிடைக்கிற விழாவாகப் பார்த்து எடுத்தால் வேலை எளிது.

பின்னால் எடுக்கப்பட்ட வேறு இரண்டு படங்களும் உண்டு. அவற்றை இப்போது பார்க்க வேண்டாம், எப்போது என்று அப்புறம் சொல்கிறேன்.

இரண்டாம் படி: பார்ப்பதற்கு முன் அரைப் பக்க வரலாறு

அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். நிறையப் படித்துவிட்டு உட்கார்ந்தால் படத்தில் நாம் படித்ததை மட்டும்தான் தேடுவோம்.

தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான். வட மாலியில் வாழும் துவாரெக் மக்கள் சகாராவின் நாடோடிகள். 1960இல் மாலி விடுதலை அடைந்தபோது அவர்களுடைய மேய்ச்சல் நிலம் பல நாடுகளின் எல்லைக்குள் துண்டுபட்டுப் போனது. 1963இல் கிளர்ச்சி, கடுமையான ஒடுக்குமுறை. 1970களிலும் 80களிலும் பஞ்சம். ஆடு மாடுகளை இழந்த இளைஞர்கள் வேலை தேடி அல்ஜீரியாவுக்கும் லிபியாவுக்கும் போனார்கள். 1990இல் மீண்டும் கிளர்ச்சி. 1996இல் டிம்பக்டுவில் சுமார் 3,000 துப்பாக்கிகளைக் குவித்து எரித்து சமாதானத்தை அறிவித்தார்கள். பாலைவன விழா அந்த சமாதானத்தின் பிள்ளை. நாடோடிக் குலங்கள் ஆண்டுக்கொருமுறை கூடி ஒட்டகப் பந்தயம் விடுவது, வழக்குத் தீர்ப்பது, பாடுவது என்று முன்பிருந்தே ஒரு பழக்கம் இருந்தது. அதன்மேல் ஒலிபெருக்கியும் மேடையும் ஏறின. பிரான்சின் ஆன்ஜே நகரத்து லோஜோ இசைக்குழுவும் ஆரம்பத்தில் கைகொடுத்தது.

மூன்றாம் படி: முதல் தடவை சும்மா பாருங்கள்

பேனா வேண்டாம், போன் வேண்டாம், நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதும் வேண்டாம். எந்த இடத்தில் உடம்பு தானாக ஆடியது என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

நான்காம் படி: இரண்டாம் தடவை ஓரங்களைப் பாருங்கள்

இப்போது நோட்டு எடுக்கலாம். பாடகர் பெயரை எழுதுவதற்கு முன் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், கைதட்டுவது யார், என்ன கருவி. நேரத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் காட்சியைத் திரும்பத் தேடுவதிலேயே ஒரு சாயங்காலம் போய்விடும்.

துவாரெக் இசையில் இந்த நான்கு கேள்விகளும் நேராகக் கொண்டுபோய் விடும் இடம் திண்டே. அது ஒரு தாளக்கருவி. அடிப்படையில் தானியம் குத்துகிற மர உரல். உரலின் வாயில் ஆட்டுத்தோலைப் போர்த்தி, இரண்டு பக்கமும் இரண்டு உலக்கைகளைச் சேர்த்துக் கட்டுகிறார்கள். அந்த உலக்கைகளின் மேல் பெண்கள் ஏறி உட்கார்கிறார்கள். அவர்களுடைய எடைதான் தோலை இழுத்துப் பிடிக்கிறது. தோல் காய்ந்தால் தண்ணீர் தெளித்துப் பதம் பார்க்கிறார்கள். நடுவில் ஒருத்தி தட்ட, இன்னொருத்தி வரி எடுத்துக் கொடுக்க, சுற்றியிருப்பவர்கள் கைதட்டிப் பின்பாட்டுப் பாடுவார்கள். நடுநடுவே குலவை. ஆம், நம் ஊர்க் கோயில் வாசலில் கேட்கிற அதே நாக்கு அசைவுதான். ஆண்கள் ஒட்டகத்தில் ஏறி இந்தப் பெண்கள் கூட்டத்தைச் சுற்றி வருவார்கள். இப்படி ஒரு கூட்டம் திரையில் தெரிந்தால் மேடையை மறந்துவிட்டு அங்கே நிறுத்துங்கள். பிறகு வரும் எலெக்ட்ரிக் கிட்டார் பாட்டுகளின் நடைக்கு ஒரு வேர் இங்கேதான் இருக்கிறது.

அதைச் சோதிக்க ஒரு வழி. திண்டே காட்சியைப் போட்டு, கைதட்டலைத் தொடையில் தட்டிப் பழகுங்கள். நடை பல நேரம் நம் திஸ்ரத்தை, அதாவது மும்மூன்றாக எண்ணும் நடையை, ஒத்திருக்கும். கை பதிந்ததும் கிட்டார் குழுவின் பாட்டுக்குத் தாவி, தட்டுவதை நிறுத்தாமல் தொடருங்கள். பல பாட்டுகளில் உங்கள் கை அப்படியே பொருந்திப் போகும்.

இன்னொரு தந்திரம்: சத்தத்தை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். தகாம்பா என்றொரு ஆட்டம் உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்தே தோளும் கையும் மட்டும் மிதப்பது போல அசையும். இது துவாரெக் மக்களுக்கும் நைஜர் ஆற்றங்கரை சோங்காய் மக்களுக்கும் பொதுவானது. சத்தம் இருந்தால் கண் பாடகரிடம் போய்விடும், அணைத்தால்தான் இந்தத் தோள்கள் கண்ணில் படும்.

சுரம் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தப் பாட்டுகள் பெரும்பாலும் ஐந்து சுரத்தில் நடக்கின்றன. பலவற்றின் சுரக்கூட்டம் சுத்த தன்யாசிக்கு அருகில் வரும். கமகம் வேறு, பிடி வேறு என்றாலும் தமிழ்க் காதுக்கு இது முதல் நாளே அந்நியமாக இருக்காது. ராகமாகக் கேட்கத் தொடங்கினால் மட்டும் வழி தவறிவிடும்.

ஐந்தாம் படி: ஒரு மேடையை நான்கு ஊராகப் பிரியுங்கள்

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். எல்லோரும் ஒரே மணலில் நின்று பாடியதால் எல்லாமே 'பாலைவன இசை' என்று நினைத்துவிடுகிறோம். 2003 மேடையில் குறைந்தது நான்கு தனித்தனி உலகங்கள் இருந்தன. நோட்டில் ஒரு பக்கத்தை நான்காக மடித்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டத்தில் தமஷெக் மொழிக்காரர்கள், அதாவது துவாரெக். டினாரிவென் குழுவை இங்கே எழுதுங்கள். அதைத் தொடங்கிய இப்ராஹிம் ஆக் அல்ஹபிப் நான்கு வயதில் தன் தந்தை கொல்லப்பட்டதைப் பார்த்தவர். தகர டின், குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி இவற்றால் முதல் கிட்டாரைச் செய்துகொண்டவர். அல்ஜீரியாவின் தமன்ராசெத்தில் நண்பர்களோடு சேர்ந்து பாடத் தொடங்கியவர். தார்தித் குழுவையும் இதே கட்டத்தில் எழுதுங்கள். 1990களின் நடுவில் புர்கினா ஃபாசோவின் அகதி முகாமில் உருவான குழு அது, பெரும்பாலும் பெண்கள். திண்டே, தெஹார்தெந்த் என்ற நரம்புக் கருவி, இம்சாத் ஆகியவற்றை அருகிலிருந்து கேட்க அவர்களைவிட நல்ல வழி இல்லை. இம்சாத் ஒற்றைத் தந்தி, வில்லால் இழைப்பது, பெண்கள் மட்டுமே வாசிப்பது. 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது.

இரண்டாவது, ஆற்றங்கரை சோங்காய் உலகம். அதன் பெரிய பெயர் அலி ஃபர்கா தூரே. நைஜர் ஆற்றங்கரை நியாஃபுங்கே ஊர்க்காரர், விவசாயி, 2004இல் அந்த ஊரின் மேயர், 2006இல் இறந்தார். அவர் சோங்காயில் மட்டும் பாடவில்லை, வட்டார மொழிகள் பலவற்றில் பாடினார். அவருடைய சீடர் அஃபெல் போகூமையும் இங்கே சேருங்கள்.

மூன்றாவது, தெற்கே வாசுலு வட்டாரம். பாடகி ஊமூ சங்காரே தலைநகர் பமாகோவில் பிறந்தவர், குடும்ப வேர் வாசுலுவில். பலதார மணத்தையும் கட்டாயக் கல்யாணத்தையும் எதிர்த்து இருபது வயதுவாக்கில் பாடத் தொடங்கியவர். அவர் பாட்டில் கேட்கிற, துள்ளிக்கொண்டே போகும் நரம்பொலி கமலே ன்கோனி. வேட்டைக்காரர்கள் சடங்குக்கு வாசித்த யாழ் வகைக் கருவியை இளைஞர்கள் தங்கள் ஆட்டத்துக்காக மாற்றிக்கொண்டது. பாலைவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மழை பெய்கிற ஊர் இசை.

நான்காவது, மாந்தே பாணர் மரபு. பரம்பரை பரம்பரையாக அரசர்களின் வரலாற்றைப் பாடிவந்த குடும்பங்கள். கோரா என்ற 21 தந்திக் கருவி அவர்களுடையது. 2003இல் இத்தாலியப் பியானோ கலைஞர் லுடோவிகோ எய்னாவ்தியுடன் வந்த பல்லக்கே சிசோக்கோ இந்த மரபுக்காரர்.

விருந்தாளிகளுக்கு ஐந்தாவதாகச் சின்னக் கட்டம் ஒன்று போட்டுக்கொள்ளலாம். அமெரிக்காவின் நவாஹோ பழங்குடிப் பங்க் குழு பிளாக்ஃபயர்கூட அந்த மணலில் வந்து வாசித்தது. நல்ல கதைதான், ஆனால் நமக்கு இப்போது அது வேண்டாம்.

ஆறாம் படி: பெயர்களைச் சரியாகத் தேடுங்கள்

துவாரெக் பெயர்களில் 'ஆக்' என்றால் இன்னாரின் மகன், 'வலெத்' என்றால் இன்னாரின் மகள். இது தெரியாமல் 'ஆக்'கைக் குடும்பப் பெயராக நினைத்துத் தேடினால் பாதிக் கலைஞர்கள் உறவினர்கள் போலத் தோன்றும். மாலியின் அலுவல் வழக்கு நெடுங்காலம் பிரெஞ்சு. அதனால் ஒரே பெயர் பிரெஞ்சு முறையில் ஒரு எழுத்துக் கூட்டலிலும் ஆங்கில முறையில் வேறு கூட்டலிலும் இருக்கும். இரண்டையும் போட்டுத் தேடுங்கள். பல நேரம் பிரெஞ்சுத் தேடலில்தான் பழைய வானொலிப் பேட்டிகளும் உள்ளூர் விழாக் காணொளிகளும் வந்து விழும். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காணொளியின் கீழே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைக் குறித்துக்கொண்டால் போதும்.

ஏழாம் படி: இசைத்தட்டுகள், ஆனால் வரிசையாக

எல்லாவற்றையும் ஒரே இரவில் கேட்க வேண்டாம். ஒரு வாரத்துக்கு ஒரு கட்டம் என்று வையுங்கள்.

முதல் கட்டத்துக்கு டினாரிவெனின் 'தி ரேடியோ திஸ்தாஸ் செஷன்ஸ்'. கிடால் நகரத்து வானொலி நிலையத்தில் பதிவானது, 2001இல் வெளியானது. அந்த ஊரில் மின்சாரமே சில மணி நேரம்தான். ஒலி கொஞ்சம் மெலிவாக இருக்கும். கிட்டார், குரல், கைதட்டல் மூன்றும் தனித்தனியாகக் கேட்கும் என்பதால் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் வசதி. 2007இல் வந்த 'அமான் இமான்' அடுத்தது, அங்கே ஒலி தடித்துவிடும். 2012இல் கிராமி வாங்கியது 'தஸ்ஸிலி'. பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாக வைக்கலாம்.

அலி ஃபர்கா தூரேவுக்கு 'டாக்கிங் டிம்பக்டு'வைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடரோடு சேர்ந்து செய்தது, 1994இல் வந்தது, கிராமி வாங்கியது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாம் தேடுவது ஊரின் இசை. அதற்கு 1999இல் வந்த 'நியாஃபுங்கே' போங்கள். அவர் ஊரை விட்டு வர மறுத்ததால், பதிவுக் கருவிகள் அவர் ஊருக்குப் போயின. ஊமூ சங்காரேவுக்கு அவருடைய முதல் தொகுப்பு 'மூஸோலூ' போதும்.

ஒவ்வொரு தட்டிலும் உறைக்குறிப்பைப் படியுங்கள். யார் தாளம், யார் பின்பாட்டு, எந்த ஊரில் பதிவு. ஒரு பெயர் இரண்டு தட்டில் திரும்ப வந்தால் அடிக்கோடு போடுங்கள். மூன்றாவது தட்டை அவர் பெயரைத் தேடித்தான் தேர்வு செய்ய வேண்டும்.

எட்டாம் படி: படம் காட்டாத இடத்துக்குப் போங்கள்

டினாரிவென் பாட்டு சகாரா முழுக்கப் பரவியது இசைத்தட்டால் அல்ல. வெறும் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் குழு அதில் பாடிப் பதிந்து தரும், காசு கிடையாது. அது நகலாகி, நகலின் நகலாகி, லாரியிலும் ஒட்டகத்திலும் எல்லை தாண்டிப் போகும். கிளர்ச்சிக் காலத்தில் அந்தப் பாட்டுகளே செய்தித்தாள். அரசு அவற்றைத் தடை செய்திருந்தது.

கேசட்டின் இடத்தைப் பிறகு செல்போன் பிடித்தது. மெமரி கார்டில் ஏற்றி, புளூடூத்தில் கைமாற்றிக்கொண்டார்கள். 2010 வாக்கில் கிறிஸ்டோபர் கிர்க்லி என்ற அமெரிக்கர் கிடாலில் இப்படி போன்களில் கிடந்த பாட்டுகளைத் திரட்டி, 'மியூசிக் ஃப்ரம் சஹாரன் செல்போன்ஸ்' என்று வெளியிட்டார். அவர் நடத்தும் சஹேல் சவுண்ட்ஸ் நிறுவனம்தான் இந்த வட்டாரத்தில் இன்றும் நல்ல வாசல். விழா மேடைக்கு வராத கல்யாணப் பாட்டு, வீட்டுப் பதிவு, ஆட்டோ-டியூன் என்ற மென்பொருளால் குரலை மாற்றிப் பாடும் பையன்கள் எல்லாம் அங்கே உண்டு. ஆட்டோ-டியூன் வந்ததும் மூடிவிடாதீர்கள். பாலைவனம் என்றால் மணலும் மௌனமுமாகத்தான் இருக்க வேண்டும் என்பது வெளியூர்க்காரரின் ஆசை. அங்கே கல்யாணத்தில் ஆடுகிறவர்களுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை.

பக்கத்து நாடான நைஜரின் லே ஃபிய் த இல்லிகதாத் குழுவையும் இந்தப் படியில் கேட்டுவிடுங்கள். இல்லிகதாத் என்ற சிற்றூரின் பெண்கள், திண்டேயையும் கிட்டாரையும் ஒன்றாக வைத்து வாசிக்கிறார்கள். நான்காம் படியில் தொடையில் தட்டியது இங்கே பலன் தரும்.

ஒன்பதாம் படி: பின்னால் என்ன நடந்தது என்று பாருங்கள்

ஒதுக்கி வைத்த இரண்டு படங்களையும் இப்போது எடுக்கலாம். கைலி க்ராஸ்கௌஸ்காஸ் இயக்கிய 'தி லாஸ்ட் சாங் பிஃபோர் தி வார்' 2011 விழாவில் எடுக்கப்பட்டது. பாதுகாப்புக் காரணமாக அதற்குள் விழா எஸ்ஸாகானை விட்டு டிம்பக்டு ஓரத்துக்கு வந்துவிட்டிருந்தது. 2003 படத்துக்கு வைத்த அதே நான்கு கேள்விகளை இதற்கும் வையுங்கள். எட்டு ஆண்டுகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், எங்கே வேலி வந்திருக்கிறது என்று பாருங்கள்.

கடைசி விழா 2012 ஜனவரி நடுவில் முடிந்தது. சில நாட்களிலேயே, ஜனவரி 17 அன்று, வடக்கில் கிளர்ச்சி வெடித்தது. ஏப்ரலில் டிம்பக்டு விழுந்தது. கிளர்ச்சியாளர்களை ஓரங்கட்டிவிட்டு மேலே வந்த ஆயுதக் குழுக்கள் வட மாலியில் இசையையே தடை செய்தன. கருவிகள் எரிந்தன, வானொலிகள் வாயடைத்தன. அந்தக் குழுக்களில் ஒன்றின் தலைவரான இயாத் ஆக் காலி ஒரு காலத்தில் டினாரிவென்காரர்களுக்கு நெருக்கமாக இருந்தவர். இந்த இசை உலகம் எவ்வளவு சின்னது, எவ்வளவு சிக்கலானது என்று புரிய இந்த ஒரு செய்தி போதும்.

ஜொஹானா ஷ்வார்ட்ஸின் 'தே வில் ஹேவ் டு கில் அஸ் ஃபர்ஸ்ட்' 2015இல் வந்தது. ஊரை விட்டு ஓடிய கலைஞர்களின் பின்னால் போகிறது. தார்தித்தின் ஃபதிமதா வலெத் ஊமர் அதில் இருக்கிறார், டிம்பக்டுவின் பாடகி கைரா அர்பி இருக்கிறார், வடக்கிலிருந்து தப்பி பமாகோவில் சேர்ந்த சோங்காய் ப்ளூஸ் குழு இருக்கிறது. கைரா அர்பி 2018இல் மறைந்தார். அவருடைய 'டிம்பக்டு தராப்' தொகுப்பை இந்தப் படத்துக்கு அடுத்த நாள் கேளுங்கள். அவர் சோங்காயும் பாடுவார், தமஷெக்கும் பாடுவார். நீங்கள் நான்காக மடித்த பக்கத்தில் அவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று சிக்கல் வரும். நடுக்கோட்டின் மேலேயே எழுதுங்கள்.

பத்தாம் படி: இன்று எங்கே கேட்பது

எஸ்ஸாகானுக்கு இப்போது பயணம் போவதைப் பற்றி யோசிக்க வேண்டாம், வட மாலியில் போர் ஓயவில்லை. குழுக்களை நேரில் கேட்க ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ இருக்கும் தமிழர்களுக்கு வாய்ப்பு அதிகம். டினாரிவென், டாமிக்ரெஸ்ட், பொம்பினோ, ம்தூ மொக்தார், இமர்ஹான் இவர்களுடைய பயண அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருங்கள். கச்சேரிக்குப் போனால் மேடைக்கு முன்னால் முண்டியடிக்காமல், கூட்டத்தில் துவாரெக் குடும்பங்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து அவர்கள் அருகில் நில்லுங்கள். கைதட்டல் எங்கே விழ வேண்டும் என்பதை அவர்களிடமிருந்துதான் பிடிக்க முடியும்.

ஊரிலிருந்தே கேட்கிறவர்கள் பேண்ட்கேம்ப் மாதிரியான இசை விற்கும் இணையத்தளங்களில் காசு கொடுத்து வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கில் ஆயிரம் தடவை கேட்பதைவிட ஒரு தொகுப்பை வாங்குவதில் கலைஞர் கைக்குப் போவது அதிகம். நைஜரின் அகதேஸ் நகரத்துக் கல்யாணக் காணொளிகளையும் தேடுங்கள். படம் ஆடும், ஜெனரேட்டர் சத்தம் கேட்கும், ஒரே பாட்டு கால்மணி நேரம் போகும். பாட்டின் நடுவில் ஒருவர் வந்து கிட்டார்காரரின் நெற்றியில் ரூபாய்த்தாள் ஒட்டுவது போலப் பணம் வைப்பார். அந்தத் தருணத்தில் பாட்டு எப்படித் திரும்புகிறது என்று கவனித்து, நோட்டில் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.